வாசகர் கேள்வி – பதில்: தண்டவாளத்தின் பின்னே வந்த மதுக்கடைகள்

அமெரிக்காவின் கிழக்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் மேற்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் 1869 மே 10 அன்று யூட்டா பகுதியில், புரோமான்டரி என்னும் மேட்டில் இணைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இணைப்பு விழாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாதை போட்டவர்களின் குடியைப் பற்றியும் சண்டையைப் பற்றியுமே கேட்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இளமையில் டர்பன் கிரே வீதித் திரையரங்குகளில் பார்த்த கௌபாய் படங்களில், இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் மதுக்கடைக்குள் கால் வைத்தவுடன் நாற்காலிகள் பறக்கும், கண்ணாடிகள் நொறுங்கும். உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

சண்டை உண்மை. ஆனால் படத்தில் காட்டுவது போல இரண்டு குத்து வாங்கியவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரிக்கும் சண்டையாக அது பெரும்பாலும் இருக்கவில்லை. கத்தியும் கைத்துப்பாக்கியும் வழிப்பறியும் சேர்ந்ததாக இருந்தது. மேலும், அது எல்லா இடத்திலும் நடந்ததன்று. ஒமாஹாவிலிருந்து மேற்கு நோக்கிப் பாதை போட்டுவந்த யூனியன் பசிபிக் நிறுவனத்தின் வழியில், 1866 முதல் 1869 வரையிலான மூன்று ஆண்டுகளில் நடந்தவைதான் இன்று நாம் படங்களில் பார்க்கும் கதைகளுக்கெல்லாம் மூலம்.

இதற்குக் காரணம் பாதை போடப்பட்ட முறையில் இருக்கிறது. 1862-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, போட்டு முடித்த ஒவ்வொரு மைலுக்கும் சமவெளியில் 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசு கடன் பத்திரங்களைக் கொடுத்தது, நிலமும் கொடுத்தது. எவ்வளவு தூரம் போடுகிறோமோ அவ்வளவு பணம் என்றான பிறகு, நிறுவனங்களின் கவனமெல்லாம் தண்டவாளத்தின் முனையை முன்னே தள்ளுவதில்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள், அவர்களில் அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து வேலையற்றுப் போன இரு தரப்புச் சிப்பாய்களும் மிகுதி, மனைவி மக்களின்றி, வீடின்றி, அந்த முனையோடு நகர்ந்தார்கள். சம்பளம் ரொக்கமாக வந்தது. அதைச் செலவழிக்கச் சுற்றுவட்டாரத்தில் வேறு எதுவும் இல்லை.

ஆகவே மதுக்கடைகளும் சூதாட்டக் கொட்டகைகளும் விலைமாதர் விடுதிகளும் அவர்களைத் தேடி வந்தன. 1866–67 குளிர்காலத்தில் நார்த் பிளாட், அடுத்த கோடையில் ஜூல்ஸ்பர்க், அதன்பின் ஷையன், 1868-இல் லாரமி, பென்டன் என்று, பாதை நகர நகர ஊரும் கூடாரத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. சாமுவேல் போல்ஸ் என்னும் பத்திரிகை ஆசிரியர் இதற்குச் சக்கரத்தில் ஓடும் நரகம் என்று பெயர் வைத்தார். இவற்றில் பென்டன் ஏறத்தாழ மூன்றே மாதம் உயிரோடிருந்த ஊர். காரப்புழுதியில் கட்டிய அந்த ஊரில் தண்ணீர் கிடையாது. சில மைல் தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விலைக்கு விற்றார்கள். ஆனால் நூறடி நீளமும் நாற்பதடி அகலமும் உள்ள ஒரு பெரிய கூடாரம் இருந்தது. அதில் நடனத்துக்குப் பலகைத் தளம், ஒரு பக்கம் மதுமேடை, மற்றப் பக்கம் சூதாட்ட மேசைகள்.

சண்டைக்கு வித்திட்டது பெரும்பாலும் அந்த மேசைகள்தான். மூன்று சீட்டைக் குப்புறப் போட்டு ராணி எங்கே என்று கேட்கும் ஏமாற்று நம் ஊர்த் திருவிழாவில் நடப்பதுதானே. ஒரு மாதச் சம்பளத்தை அரைமணி நேரத்தில் இழந்தவன், போதையிலும் இருந்தால், என்ன செய்வான் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜூல்ஸ்பர்க்கில் சூதாடிகள் நிறுவனத்தின் நிலத்துக்குப் பணம் கொடுக்க மறுத்தபோது, தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், பாதை போடும் ஒப்பந்தக்காரரான ஜாக் கேஸ்மென்டை அனுப்பினார். அவர் ஆயுதம் தாங்கிய தம் ஆட்களுடன் சென்று துப்பாக்கியாலேயே கணக்கைத் தீர்த்தார். தொழிலாளர்களைக் கொள்ளையடித்தபோது வராத கோபம், நிலத்துக்குப் பணம் வராதபோது வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

படங்களுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி என்றால் 1868 நவம்பரில் பேர் ரிவர் சிட்டியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்க் காவல் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் சிலரைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அதை ஆதரித்து எழுதியது. மண்வேலை செய்யும் தொழிலாளர்கள் கும்பலாகத் திரண்டு வந்து சிறையை உடைத்துத் தீ வைத்தார்கள், பத்திரிகையின் அச்சகத்தை அழித்தார்கள். கடைக்காரர்கள் திருப்பிச் சுட்டார்கள். கடைசியில் பிரிட்ஜர் கோட்டையிலிருந்து படை வந்து அடக்க வேண்டியதாயிற்று. பாதை முன்னே சென்றதும் ஊரும் இல்லாமல் போயிற்று.

கேள்வி: அயர்லாந்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள் என்று படித்தேன். ஒரே நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? (பீனிக்ஸ் வாசகி)

நல்ல கேள்வி, அம்மா. இதற்கு மேற்கை விட்டுக் கிழக்குக்கும், 1860-களை விட்டு 1830-களுக்கும் போக வேண்டும். அக்காலத்தில் கால்வாய்களிலும் முதல் இருப்புப்பாதைகளிலும் மண் வெட்டிய அயர்லாந்துக்காரர்கள், கார்க் பகுதியைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்சியாகவும் லாங்ஃபோர்ட் முதலிய வடபகுதிகளைச் சேர்ந்தவர்கள் மற்றொரு கட்சியாகவும் பிரிந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது பழைய ஊர்ப்பகையும் விஸ்கியும் செய்த வேலையாகத் தெரிந்தது. அன்றைய பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

1834 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் அருகே, செசபீக்–ஒஹாயோ கால்வாயில் வேலை செய்த இவ்விரு கட்சியினரும் ஆயுதங்களோடு மோதி, சிலர் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் மத்தியப் படையை அனுப்பினார். அமெரிக்காவில் தொழிலாளர் பூசலுக்கு மத்தியப் படை அனுப்பப்பட்டது அதுவே முதல் முறை. ஆனால் அந்தச் சமயத்தில் கால்வாய் நிறுவனத்தின் கையில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது, ஒப்பந்தக்காரர்கள் கூலியைக் கொடுக்கத் தடுமாறினார்கள், வேலை சுருங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை மாறுகிறது. ஊர்க்கட்சி என்பது வேலையைத் தக்கவைத்துக்கொள்ளும் சங்கமாகவும் இருந்தது. மற்றக் கட்சியை அடித்து விரட்டினால் அந்தப் பகுதியின் வேலை தனக்கு. சாராயம் கையை ஓங்க வைத்திருக்கலாம். யார்மேல் ஓங்குவது என்பதைக் கூலிப்பட்டியல்தான் முடிவு செய்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: சீனத் தொழிலாளர்களும் இந்தச் சண்டைகளில் இருந்தார்களா? படங்களில் அவர்களைக் காணவே காணோமே. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

மதுக்கடைச் சண்டையில் அவர்களைத் தேடிப் பயனில்லை. சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கு நோக்கிப் போட்ட சென்ட்ரல் பசிபிக் பாதையில்தான் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள். அங்கே கட்டுமானப் பொறுப்பாளரான ஜேம்ஸ் ஸ்ட்ரோபிரிட்ஜ் முகாமருகே சாராயம் விற்பவர்களை விரட்டியடித்தார். சீனர்கள் தங்களுக்குள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, சொந்தச் சமையல்காரரை வைத்து, அரிசியும் உலர்ந்த மீனும் காய்கறியும் சமைத்து உண்டார்கள்; நாள் முழுவதும் கொதிக்க வைத்த தேநீரைக் குடித்தார்கள். அழுக்குத் தண்ணீர் குடித்த மற்றவர்களை வாட்டிய வயிற்றுப்போக்கு இவர்களை அவ்வளவாகத் தீண்டாததற்கு அதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் சூதாட்டமும் அபினியும் இருந்தன. அவர்கள் துறவிகள் அல்லர்.

ஆயினும் இனத்தோடு இனத்தை மோதவிடும் வேலை அங்கேயும் நடந்தது, மதுக்கடைக்கு வெளியே. 1865-இல் அயர்லாந்துக்காரர்கள் கூலி உயர்வு கேட்டபோது, உங்களுக்குப் பதிலாகச் சீனர்களை வைத்துக்கொள்வோம் என்று நிறுவனத்தின் சார்லஸ் கிராக்கர் மிரட்டினார். கேட்டவர்கள் அடங்கிப் போனார்கள். சியரா நெவாடா மலையின் உச்சிச் சுரங்கப்பாதையில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் பெயர்பெற்ற சுரங்கத் தொழிலாளர்களை ஒரு பக்கமும் சீனர்களை மறு பக்கமும் பாறை குடைய விட்டு, ஞாயிறு காலைதோறும் அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் சீனர்களே அதிகம் குடைந்திருந்தார்கள் என்று கிராக்கரே பின்னர்ச் சாட்சியம் சொன்னார்.

1867 ஜூனில் ஏறத்தாழ மூவாயிரம் சீனர்கள், மாதம் 40 டாலர் கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அதே எண்ணிக்கையில் வெள்ளையர்கள் நிறுத்தியிருந்தால் குடியும் கொலையும் கலவரமும் ஆகியிருக்கும், இவர்களோ ஞாயிற்றுக்கிழமை போல அமைதியாக இருந்தார்கள் என்று கிராக்கர் வியந்தார். வியந்துகொண்டே உணவு வருவதை நிறுத்திவிட்டார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பட்டினி அவர்களை வேலைக்குத் திருப்பியது. கேட்ட கூலி கிடைக்கவில்லை.

புரோமான்டரி அருகே அயர்லாந்துக்காரர்களும் சீனர்களும் ஒருவரை ஒருவர் வெடி வைத்துக் கொன்றார்கள் என்று ஒரு கதை பல நூல்களில் வரும். டாட்ஜ் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பு அதற்கு முக்கிய ஆதாரம். நான் அதை நம்பத் தயங்குகிறேன். அந்தப் பகுதியில் இரு நிறுவனங்களும் மண்வேலையைப் பெருமளவு மோர்மன் சமயத்தார்க்கே ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தன; மதுவை விலக்கச் சொல்லும் சமயம் அது.

கேள்வி: அந்தக் கடைகளில் என்னதான் குடித்தார்கள்? (டோங்காட் வாசகர்)

பெயருக்கு விஸ்கி. பெரும்பாலும் மலிவான சாராயத்தில் தண்ணீரைக் கலந்து, நிறத்துக்கும் காரத்துக்கும் புகையிலைச் சாறு, மிளகாய், எரித்த சர்க்கரை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு விற்றார்கள். பியர் புட்டிகளும் ரயில் போகும் இடத்துக்கெல்லாம் வந்தன.

கேள்வி: இருப்புப்பாதைத் தொழிலாளர்களின் சண்டைகளில் மிகக் கொடியது எது? (லேடிஸ்மித் வாசகர்)

அது மதுக்கடையில் தொடங்கவுமில்லை, இரவில் நடக்கவுமில்லை. வயோமிங் பகுதியின் ராக் ஸ்பிரிங்ஸில் யூனியன் பசிபிக் நிறுவனம் தன் எஞ்சின்களுக்கு நிலக்கரி எடுத்தது. 1875-இல் அங்கு வேலைநிறுத்தம் நடந்தபோது, அதை உடைக்கவே சீனர்களைக் கொண்டுவந்தார்கள். பத்தாண்டுகள் அந்தப் புண் ஆறவில்லை. இடையில், 1882-இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டமும் வந்துவிட்டது. 1885 செப்டம்பர் 2 காலை, சுரங்கத்துக்குள் எந்த இடத்தில் யார் வெட்டுவது என்ற தகராறில் அடிதடி நடந்தது. பிற்பகலில் வெள்ளைத் தொழிலாளர்கள், அவர்களிலும் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களே, துப்பாக்கிகளோடு திரண்டு சீனர் குடியிருப்பைச் சூழ்ந்தார்கள். 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள், 15 பேர் காயமடைந்தார்கள், குடியிருப்பு முழுவதும் எரிக்கப்பட்டது. ஒருவர்மீதும் குற்றச்சாட்டுக்கூடப் பதிவாகவில்லை. அமெரிக்க அரசு பின்னர் சீன அரசுக்கு ஏறத்தாழ 1,47,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

உயிர் பிழைத்தோடிய சீனர்களைப் படைப் பாதுகாப்போடு அதே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, அதே சுரங்கத்தில் இறக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கரி நிற்கக் கூடாதல்லவா?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா நேட்டால் அரசு இருப்புப்பாதையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். நம்மவர்களிடையே அப்படிப்பட்ட குடிச்சண்டைகள் நடந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. நாம் ஒழுக்கமாக இருந்தோம் என்று எடுத்துக்கொள்ளலாமா? (நியூகாசில் வாசகர்)

பெருமைப்பட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எடுத்துக்கொள்வதற்கு முன், உங்கள் கொள்ளுத்தாத்தா மதுக்கடைக்குப் போக விரும்பியிருந்தால் எப்படிப் போயிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள், ஐயா.

தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலில், டர்பன் சந்தை மைதானத்திலிருந்து துறைமுக முனை வரையிலான இரண்டு மைல் பாதை 1860 ஜூனில் திறக்கப்பட்டது. மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ அதே ஆண்டு நவம்பர் 16 அன்று வந்தது. இடையில் நின்றுபோன குடியேற்றம் 1874-இல் மீண்டும் தொடங்கியபின், பாதையும் உள்நாடு நோக்கி நீண்டது. 1880-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும், 1891-இல் எல்லையிலுள்ள சார்ல்ஸ்டவுனையும் எட்டியது. இந்த நீட்சியில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களோடு நம்மவர்களும் பெரும் எண்ணிக்கையில் உழைத்தார்கள். நேட்டால் அரசு இருப்புப்பாதை இந்தியர்களை மிகுதியாக வேலைக்கு வைத்த நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

அமெரிக்காவில் அயர்லாந்துக்காரருக்கு இருந்த இரண்டு வசதிகள் இவர்களுக்கு இல்லை. ஒன்று, ரொக்கம். ஒப்பந்தப்படி முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். அரிசியும் பருப்பும் படியாக அளக்கப்பட்டன. வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தமும் உண்டு. மற்றொன்று, வெளியே போகும் உரிமை. அனுமதிச் சீட்டு இல்லாமல் பணியிடத்தை விட்டு வெளியேறினால், அது குற்றம், சிறை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிப் போகக்கூடியவனைத் தேடித்தான் மதுக்கடை வரும். பாரக்ஸ் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அடைபட்டவனைத் தேடி வருவது கடன்காரனும், சர்தார் என்னும் மேஸ்திரியும்தான்.

குடியே இல்லை என்று சொன்னால் அது பொய். கரும்பு விளையும் நாட்டில் ரம் மலிவு. 1885 முதல் 1887 வரை இந்தியக் குடியேறிகளின் நிலையை ஆராய்ந்த வ்ராக் ஆணையம் குடிப்பழக்கத்தையும் ஒரு பிரச்சினையாக எடுத்துப் பேசியது. ஆகவே பாரக்ஸில் சண்டைகள் நடந்தேயிருக்கும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லத்தக்கவை என்று பெரியவர்கள் கருதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலேயே நடந்த ஒன்று மேலே சொன்ன 1867 சீனர் வேலைநிறுத்தத்துக்கு மிக நெருங்கியது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்பவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். புதிதாக வந்தவரின் ஆறு மாதக் கூலி. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இந்த வரியை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடுவும், அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழர்களான பெண்களும் அவர்களிடையே பேசினார்கள். சியராவில் கிராக்கர் உணவை நிறுத்தினார். இங்கே சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளுக்கு விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். வேறுபாடு என்னவென்றால், மலையில் பனிக்கும் பாறைக்கும் இடையே இருந்த சீனர்களுக்குப் போக்கிடம் இருக்கவில்லை. நம்மவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். நவம்பர் 6 அன்று காந்தியுடன் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது, சுரங்க வளாகங்களையே சிறைகளாக அறிவித்து, சுரங்கத்தின் வெள்ளை ஊழியர்களையே காவலர்களாக்கினார்கள். அதற்குள் வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் டர்பனுக்கும் பரவிவிட்டது. வரி 1914-இல் நீக்கப்பட்டது.

கேள்வி: அந்தச் சீனத் தொழிலாளர்களின் பெயர்கள் எங்காவது பதிவாகியிருக்கின்றனவா? நம் முன்னோரின் பெயர்களைத் தேட வழி உண்டா? (டர்பன் வாசகி)

1869 ஏப்ரல் 28 அன்று சென்ட்ரல் பசிபிக் ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டுச் சாதனை செய்தது. தண்டவாளத்தைத் தூக்கி வைத்த எட்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அன்று உடன் உழைத்த சீனர்களின் பெயர்கள் இல்லை. கூலிப்பட்டியலில் பெரும்பாலும் குழுத்தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது.

நேட்டாலில் நிலைமை வேறு. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தனித்தனி எண் உண்டு. கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனால் அடையாளம் காட்டத்தான். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தில் இதைத் தேடலாம். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். வீட்டுப் பழைய பெட்டியில் பிறப்பு அல்லது திருமணச் சான்றிதழ் ஏதேனும் இருந்தால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள், அம்மா. அதில் அந்த எண் குறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.